ரணகள்ளி இலை குட்டி போட்ட கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் பேச்சு இருந்தது. பழகாதவர்களிடம் வலியப் போய்ப் பேசாது. யாராவது நின்று கேட்டால் பதில் சொல்லும்.

அப்போது ஒரு மொட்டைப் பாறை மலையின் அடிவாரத்தில் செம்பாயி என்பவளும் அவள் கணவன் ஒச்சுவும் குடியிருந்தார்கள். ஒச்சு கல் தச்சன். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்திக் கொடுப்பான். ஒருநாள் உளி தெறித்து அவன் காலில் ஆழமாக வெட்டிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தான். காயம் சீழ் கோத்தது. கால் வீங்கியது, காய்ச்சல் கண்டது. எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிட்டான். புண்ணிலிருந்து நாற்றம் வரத் தொடங்கியது. செம்பாயி அடுப்பை அணைத்துவிட்டு, மருந்துச் செடி தேடி மலை ஏறினாள்.

முதலில் நின்றது சதுரக்கள்ளி. அதனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"என் பாலு பட்டா வெந்து போகும் தாயி. என்னைத் தொடாம மேல போ" என்றது.

அடுத்து நின்ற கற்றாழை பொறுமையாகக் கேட்டது. "தீச்சுட்ட புண்ணுன்னா நானே வந்திருப்பேன். இது அழுகுற புண்ணு. உச்சியில, பாறை வெடிப்புல ஒருத்தி நிக்கிறா. அவளைக் கேளு."

உச்சியில் ஒரு பாறை வெடிப்பில், தடித்த இலைகளோடு பேர் இல்லாத ஒரு செடி நின்றது. இலைகளின் ஓரம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. செம்பாயி அதன் முன்னால் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"என் இலைக்கு அந்தக் குணம் உண்டு" என்றது செடி. "ஆனா தங்கச்சி, ஒண்ணைத் தெரிஞ்சுக்கோ. மழைக்காலத்துல குடிச்ச தண்ணியெல்லாம் இந்த இலையிலதான் வச்சிருக்கேன். இதைக் குடுத்துட்டா இந்தக் கோடையை நான் தாண்ட மாட்டேன். பூத்ததும் இல்ல, விதை விட்டதும் இல்ல. என் இனத்துல நான் ஒருத்திதான்."

செம்பாயி எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள்.

"அப்படின்னா வேண்டாம்க்கா. என் வீட்டை நிறுத்த உன் வீட்டைப் பிடுங்க முடியாது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கண்ணீரில் பாதை மங்கலாகத் தெரிந்தது. பாதி தூரம் போவதற்குள் மேலே இருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, திரும்பி வா. கீழ் இலையிலிருந்து பறிச்சுக்கோ. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்."

அன்றைக்கே ஓர் இலையைப் பறித்து வந்தாள். அனலில் வாட்டிக் கசக்கிப் புண்ணில் வைத்துக் கட்டினாள். தினமும் ஏறி ஓர் இலை பறித்து வந்தாள். சீழ் வடிந்தது. காய்ச்சல் இறங்கியது. ஒருநாள் காலையில் ஒச்சு, "பசிக்குது புள்ள" என்று கேட்டபோது அவள் சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதாள்.

பெற்றதற்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு மனசு தவித்தது. ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்துபோய்ச் செடியின் வேரில் ஊற்றினாள். செடி, "போதும் தங்கச்சி" என்று சொல்லிப் பார்த்தது. தன் சிரமத்தை நினைத்துத்தான் சொல்கிறது என்று எண்ணி, அவள் இன்னும் ஒரு குடம் ஊற்றினாள்.

இலைகளைக் கொடுத்துவிட்ட செடியால் அவ்வளவு தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. பாறை வெடிப்பில் தேங்கிய நீரில் வேர் ஊறியது, தண்டு கருத்துக் குழைந்தது. அதைத் தொட்டுப் பார்த்த அன்றுதான் தான் செய்தது செம்பாயிக்குப் புரிந்தது.

"அக்கா, நானே உன்னைக் கொன்னுட்டேனே."

"பிரியத்துலதானே ஊத்தினே" என்றது செடி. அதன் குரல் மிகவும் மெலிந்திருந்தது. "உச்சியில ஒரு இலை மிச்சம் இருக்கு. பறிச்சுக்கோ. இங்க இருந்தா அதுவும் என்னோட அழுகும்."

"அவருக்குப் புண்ணு ஆறிடுச்சுக்கா."

"மருந்துக்கு இல்ல. சும்மா வச்சுக்கோ. தண்ணி மட்டும் காட்டாதே."

வீட்டுக்கு வந்ததும் அவள் இலையின் காம்பில் நூலைக் கட்டி, வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கவிட்டாள். கோலை ஊன்றி எழுந்து வந்த ஒச்சு, அதன் முன்னால் நின்று கைகூப்பினான்.

"உங்க அம்மா குடுத்த காலுல நிக்கிறேன் தாயி" என்றான்.

அதற்குப் பிறகு தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதைக் கும்பிடாமல் அவன் படி இறங்கியதில்லை.

சில நாள் கழித்து இலை செம்பாயியைக் கூப்பிட்டது.

"சின்னம்மா, எங்கம்மா சேர்த்த தண்ணி எனக்குள்ள இருக்கு. இதை வச்சு நான் என்ன செய்ய?"

"நீ வச்சுக்கோடா கண்ணு. அது தீர்ற வரைக்குமாவது இங்கே எங்க கண்ணு முன்னால இரு."

"எங்கம்மா ஒண்ணையும் தனக்குன்னு வச்சுக்கலையே" என்றது இலை.

அன்றிலிருந்து இலை தன் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளியது. இலையின் நடுப்பகுதி சுருங்கியது. ஓரத்திலிருந்த ஒவ்வொரு பள்ளத்திலும் கடுகளவு பச்சை துளிர்த்தது. பிறகு இரண்டு குட்டி இலை, அதற்கடியில் முடிபோல வேர். மண் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுவரில் தொங்கியபடியே ஓர் இலை ஒரு குடும்பத்தைப் பெற்றுவிட்டது. செம்பாயி ஒச்சுவைக் கூவி அழைத்தாள். இருவரும் மூச்சு விடவும் பயந்தவர்களைப் போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒச்சு கல் பொடியையும் மணலையும் கலந்து உடைந்த சட்டிகளில் நிரப்பினான். செம்பாயி குட்டிகளைக் கிள்ளி வைத்தாள். இந்த முறை விரல் நுனியால் தெளித்ததோடு நிறுத்திக்கொண்டாள். காய்ந்த பிறகுதான் மறுபடி தெளித்தாள். எல்லாம் பிடித்துக்கொண்டன. ரணம் ஆற்றியவளின் பிள்ளைகள் என்பதால் ஊரார் ரணகள்ளி என்று பேர் வைத்தார்கள். கேட்டு வந்த எல்லோருக்கும் செம்பாயி ஆளுக்கொரு சட்டி கொடுத்தாள். "பதிலுக்கு என்ன தரணும்?" என்று கேட்டவர்களிடம், "உங்ககிட்ட ஒருத்தர் வந்து கேட்டா இல்லேன்னு சொல்லாதீங்க, அது போதும்" என்றாள்.

அன்று முதல்தான் ரணகள்ளியின் இலையைச் சும்மா சுவரில் கட்டிப்போட்டாலும் குட்டி போடுகிறது. அதை வளர்க்கிறவர்கள் தண்ணீரை அளந்து தெளிப்பதும், கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு குட்டியைக் கிள்ளிக் கையில் கொடுப்பதும் அன்று முதல்தான்.