இரண்டின் வாசல்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், நூலக மேசையில் தலை சாய்த்த வீரபாகுவுக்கு ஒரு கனவு வந்தது. முடிவில்லாத தெரு. வீட்டுக்கு ஒரு பகா எண் குடியிருந்தது. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொன்றும் கதவைத் திறந்து, "ஆமாம், நீ சொல்வது சரி" என்றது. தெருவின் முதல் வீடு மட்டும் சாத்திக் கிடந்தது. இரண்டின் வீடு. அதைத் தட்டாமலே அவன் தாண்டி வந்திருந்தான்.

விழித்ததும் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். வளைவுகளின் மேல் புள்ளிகளைத் தேடும் தேற்றம் அவனுடையது. எல்லாப் பகா எண்ணுக்கும் அது நிற்க வேண்டும். மற்றவற்றுக்கு நாற்பது பக்கம் எழுதியிருந்தான். அப்புறம் ஒரே வரி: 'இரண்டுக்கும் இவ்வாறே.'

இரண்டைப் போட்டுப் பார்த்தான். இவ்வாறே இல்லை.

வழிகாட்டி செண்பகவல்லி அவனைவிட ஏழு வயது இளையவர். மின்வாரிய வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவனை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அவர் அறைக்கு ஓடினான்.

"மேடம், ரெண்டுல உடையுது."

"யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான். தூக்கத்துல." கனவைச் சொன்னான்.

"முழிச்சிருந்த ஆறு வருஷமும் என்ன சார் பண்ணீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆய்வேட்டைப் படிச்ச ரெண்டு தேர்வாளரும் சரின்னுட்டாங்க. யாருக்கும் தெரியாது. சொன்னா இங்க காலியா இருக்கிற வேலையும் போயிடும். சொல்லணுமா?"

"அந்த வரியை நானும் படிச்சேன். ரெண்டோட வீட்டுக்குள்ள நீங்க போயிட்டீங்கன்னு பொறாமையா இருந்துச்சு. அதான் கேக்கலை."

அலமாரியிலிருந்து தன்னுடைய பழைய ஆய்வேட்டை எடுத்து வைத்தார். தலைப்பின் கடைசிச் சொற்கள், 'இரண்டைத் தவிர'.

"போன இடமெல்லாம், அப்ப ரெண்டுக்கு என்னன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். பட்டம் கிடைச்சுது. பெரிய இடத்துல வேலை கிடைக்கலை. இந்த மலைக் காலேஜுக்கு வந்து பதினாலு வருஷம்."

ஜன்னல் வழியே மூடுபனி நுழைந்து கரும்பலகையைப் பாதி அழித்திருந்தது. அவர் பேனாவை அவன் பக்கம் தள்ளினார்.

வீரபாகு பேனாவை எடுத்தான். பிறகு அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினான்: இரண்டைத் தவிர.

"பதினாலு வருஷமா என்ன மேடம் பண்றீங்க?"

"அந்த வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்கேன்."

"கதவு திறந்துச்சா?"

"இல்ல. உள்ள யாரோ நடமாடுற சத்தம் கேக்குது."