வயிறு கட்டிக்கிட்ட கொடுவாக் குஞ்சு

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு அமலோற்பவம். பேருதான் நீளம், பொறுமை கட்டை. ம் சொல்லு, அப்பதான் மேல சொல்லுவேன்.

கடலோரத்து ஊரு. தண்ணியில கூண்டு எறக்கி கொடுவா மீன் வளக்கறதுதான் பொழப்பு. அவ புருஷன் மிக்கேலும் கூண்டுக்காரன். அந்த வருஷம் புயல் வந்து சுழட்டி அடிச்சதுல ஊர்க் கூண்டெல்லாம் காலி. மிஞ்சினது அமலோற்பவம் பாத்துக்கற குஞ்சுத்தொட்டியும், ஒரு ஜோடி பெரிய மீனும். பருவம் முடியறதுக்குள்ள மூணு தடவ முட்ட போடும். அந்தக் குஞ்சு பொழச்சாத்தான் ஊருக்கு மீனு.

அப்புறம், முதல் முட்ட பொரிஞ்சுது. குஞ்சு எம்புட்டு? உன் இமை முடிய ரெண்டா வெட்டினா, அதுல பாதி. உடம்பு கண்ணாடி. அடிவயித்துல ஒரு உருண்ட, அது ஆத்தா கட்டிக் குடுத்த கட்டுச்சோறு. ஆனா இவளுக்கு மனசு கேக்கல. யாரு வந்தாலும் சாப்டியான்னு கேட்டுட்டுத்தான் உக்காரவே சொல்ற ஊரு அது. தீனித்தூள அள்ளி பொலபொலன்னு கொட்டிட்டா. குஞ்சுக்கு வாயே இன்னும் தொறக்கல. தூளு அடியில தங்கி, அழுகி, தண்ணி நாறி, எல்லாம் போச்சு.

ம்?

அப்போ ரெண்டாவது முட்ட. இந்தத் தடவ வாய் தொறக்கற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா. தொறந்ததும் தூள மாவா சலிச்சுத் தூவினா. லபக், லபக்னு முழுங்குச்சுங்க. இவளுக்கு வாயெல்லாம் பல்லு. ஆனாலும் குஞ்சு நாளுக்கு நாள் இளைச்சுது. என்னடா இதுன்னு ஒரு டம்ளர்ல மொண்டு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. கண்ணாடி ஒடம்பாச்சே, உள்ள தெரியுது. போன தூளு போன மாதிரியே பின்னால வருது. உள்ள இருக்கறது வெறும் குழாயி, இரைப்பையே இன்னும் உண்டாகல.

"பச்சப்புள்ள வாயில கருவாட்டத் திணிச்சிருக்கேனே"ன்னு அழுதா.

அதுங்களும் போச்சு. ஆனா ஒரு குஞ்சு மட்டும் கொழுகொழுன்னு இருந்துச்சு. அது வயித்துல தூளு இல்ல. தொட்டி மூலையில பச்சையா பாசித்தண்ணி தேங்கி, அதுல பொடிப்பூச்சி நெளியுது பாரு, அத தின்னுருக்கு.

அப்புறம் மூணாவது முட்ட. அதான் கடைசி. மிக்கேல் வந்து, கூண்டெல்லாம் சரிபண்ணியாச்சு, எறக்கட்டுமான்னு கேட்டான். "பொறுங்க"ன்னா. அவ வாயில அந்த வார்த்தைய அவன் கேட்டதே இல்ல.

பாசித்தண்ணியில பூச்சிய வளத்தா. ஆத்தா தின்னாத்தான புள்ளைக்குப் பாலு? அது மாதிரி பாசியோட சத்து பூச்சி வழியா குஞ்சுக்குப் போச்சு. கொஞ்சம் வளந்ததும் உப்பளத்துல துள்ளுற பூச்சியக் குடுத்தா. கண்ணே, இதான் எனக்கு ஆச்சரியம். கொத்தனாரு இல்ல, சித்தாளு இல்ல. நீந்திக்கிட்டே, தின்னுக்கிட்டே அந்தப் பொடிசு உள்ள தனக்குன்னு ஒரு இரைப்பையக் கட்டிக்கிச்சு. நெனச்சா எனக்குப் புல்லரிக்குது.

அப்புறம் பூச்சியோட ஒரு சிட்டிக தூளு கலந்தா. தூ, துப்பிருச்சு. மறுபடி போட்டா. தூ. மூணாவது தடவ, க்ளுக். உள்ள போயிருச்சு. ஆனா வளர வளர கண்ணாடி ஒடம்பு கறுத்துப் போச்சே, இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு தெரியல. தொட்டி ஓரத்துலயே குத்துக்கால் போட்டு உக்காந்துட்டா. ரொம்ப நேரம் கழிச்சு பின்னால ஏதோ வந்துச்சு. தூளா வரல. கறுப்பு நூலு மாதிரி, நல்லா செரிச்ச ஆய்.

சிரிக்காத. அவ அதப் பாத்துத்தான் தேம்பித் தேம்பி அழுதா.

மிக்கேல் தூரத்துலயே நின்னான். கேக்கப் பயம். அவ மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, "கூண்ட எறக்குங்க"ன்னா.

அவ்ளோதான். குஞ்சு கூண்டுக்குப் போச்சு, கதை கரையேறிருச்சு, நீ தூங்கு.