ஆவுடையப்பன் வீட்டு நடு ஸ்பீக்கர்

ரைஸ்மில் ஆவுடையப்பன் வீட்டு ஹாலில் சுற்றிலும் ஸ்பீக்கர்கள். டிவிக்குக் கீழே நடு ஸ்பீக்கர். படத்தில் பேசுவது அதில்தான் வரும், அவ்வளவுதான் விஷயம். இதுவரை ரெண்டு நடு ஸ்பீக்கரைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார் மனுஷன்.

"ஒரு வசனம் கேக்கலலே! இன்னைக்கும் கேக்கலன்னா ஒன் வேலைக்கு ஒல வச்சிருவேன்" என்றார், கடையிலிருந்து வந்த சுடலைமணியிடம்.

சுடலைமணி மூன்றாம் தடவையாக ஒன்றை மாட்டிப் படத்தை ஓடவிட்டான். கதாநாயகி வாயைத் திறந்தாள். "இப்ப அழுவா பாரு" என்றார் ஆவுடையப்பன். வில்லன் வாயைத் திறந்தான். "இவன் தேறமாட்டாம்ல" என்றார்.

சுடலைமணிக்கு நோய் பிடிபட்டது.

"அண்ணாச்சி, புதுச் சாமான் வந்தா வெத்தல போடணும்லா?" என்று தன் பொட்டலத்தைப் பிரித்தான். நாலு வெற்றிலையைப் பாக்கோடு மடித்து நீட்டினான்.

வாய் நிறைந்தது. பேசினால் வெள்ளை வேட்டியில் சாறு வழியும். அரைமணி நேரம் வீடே வசனம் கேட்டது.

துப்பிவிட்டு வந்தார். "இதுதாம்ல ஸ்பீக்கர்! நீ மொதல்ல கொண்டாந்தது குப்ப."

"இது மொதல்ல கொண்டாந்ததுதான் அண்ணாச்சி. கடையில வேற இல்ல."

ஆவுடையப்பன் குனிந்து ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி பூரணம் எட்டிப் பார்த்தாள்.

"ஸ்பீக்கர் இருக்கட்டும் தம்பி. அந்த வெத்தலய எந்தக் கடையில வாங்குன?"