அவள் நடந்து போன கடல்

ரொம்ப காலத்துக்கு முன்னால் கீழைத்துறை என்ற நாட்டை உதயமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. அப்படிப்பட்ட ஆள்.

மலைக்கு மேற்கே படையெடுத்துப் போய், ஜெயித்து, ஆட்களைப் பிடித்து வந்தான். அதில் சிருதை என்று ஒருத்தி. வந்த புதிதில் ஒரு ராத்திரி தப்பி ஓடி, விடியும்போது கடற்கரையில் பிடிபட்டாள். திரும்பக் கொண்டுவந்து அரண்மனையில் நெல் குத்தப் போட்டார்கள். குத்தும்போது பாடுவாள்:

"சூரியன் விழுற கடலிலே
சூரியன் எழுந்து வருகுதே
கடலைப் பார்த்து நடந்த கால்
வீடு காணாம நிக்குதே"

அரண்மனையே அதை முணுமுணுத்தது. அரசவைக் கவிஞர் நாவண்ணர் பாட்டை யாரும் சீண்டவில்லை. அவருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சிருதையைச் சபைக்கு இழுத்து வரச் செய்தார். நாவண்ணர் எழுந்தார்.

"மன்னா, பாட்டில் சூரியன் என்றால் நீங்கள். விழுவீர்களாம்! கடலைப் பார்த்து ஏன் நடந்தாள்? எதிரிக் கப்பலுக்குச் சைகை காட்ட!"

"தலையை எடு" என்றான் ராஜா.

அமைச்சர் மருதவாணர் எழுந்தார். "எடுக்கலாம் மன்னா. அதுக்கு முன்னால் ஒரு பல்லக்கும் ஒரு துணியும் கொடுங்க."

நாவண்ணர் கண்ணைக் கட்டி, பல்லக்கில் ஏற்றி, ஊரைச் சுற்றிச் சுற்றித் தூக்கி வந்து அரண்மனை முற்றத்திலேயே இறக்கினார்கள்.

கட்டை அவிழ்க்காமலே அமைச்சர் கேட்டார்: "கவிஞரே, உம்ம வீடு எந்தப் பக்கம்?"

"பிறந்து வளர்ந்த ஊர்! இது தெரியாதா?" என்று டக்கென்று கை நீட்டினார். கை நேராகக் கடலைக் காட்டியது.

"அடடா, இவரும் எதிரிக் கப்பலுக்குச் சைகை காட்டுறாரே! ரெண்டு தலையா எடுத்துடலாமா மன்னா?"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான்.

அமைச்சர் சிரிக்கவில்லை. "அவ ஊர்ல சூரியன் கடல்ல விழும். காட்டுக்குப் போறவங்க கடலைப் பார்த்து நடந்தா வீடு வந்துடும். இங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கா. இது வேற கடல்னு அங்க போய்த்தான் தெரிஞ்சிருக்கு. பாட்டு அவ்வளவுதான்."

ராஜா நாவண்ணர் கையிலிருந்த பொன் கடகத்தைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். "இவளை இவ ஊர்ல கொண்டுபோய் விடுங்க!"

படைத்தலைவன் தலையைக் குனிந்தான். "அந்த ஊர் இல்லை மன்னா. நாமதான் கொளுத்தினோம்."

சிருதை அமைச்சரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, ஊர் இல்லாட்டி போகுது. அது இருந்த இடம் எந்தப் பக்கம்?"

அமைச்சர் மலைப்பக்கம் கையைக் காட்டினார். அவள் நடந்தாள்.