பச்சைப் பொட்டுகள்

அன்று காலையிலேயே கொம்பையா ஸ்லைடின் மேல் மூடும் கவர்ஸ்லிப் மூன்றை உடைத்துவிட்டார். கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாக உதவியாளர். நகத்தை விட மெல்லிய கண்ணாடிதான், ஆனாலும் அவர் கையில் இதற்கு முன் ஒன்றுகூட உடைந்ததில்லை.

அங்கே பாடம் நடத்தும் தபித்தாள் டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொம்பையாவை விடப் பதினான்கு வயது இளையவர். எட்டாம் வகுப்போடு நின்றுபோன மனிதரை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்து, செல்லுக்குள் இருப்பதையெல்லாம் பெயர் சொல்லிப் பழக்கியவர் அவர்தான். அதிலிருந்து கொம்பையாவுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும், அது வீட்டுச் சண்டையாகவே இருந்தாலும், கேட்பதற்கு ஒரே இடம்தான்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடி மேல என்ன கோவம்?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாததுக்கா மூணு?"

கொம்பையா துடைக்கும் துணியைக் கீழே வைத்தார்.

"நாளைக்குப் பங்குனி உத்திரம். குடும்பத்தோட வேன் பிடிச்சு எங்க சாஸ்தா கோயிலுக்குப் போறோம். பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து எங்க வம்சம் கும்பிடுத கோயிலு. சுபிக்ஷாவக் கூட்டியாரக் கூடாதுங்காரு எங்கண்ணன். அது நம்ம ரத்தம் இல்லியாம்."

சுபிக்ஷாவுக்கு ஐந்து வயது. கொம்பையா போன வருஷம் கல்யாணம் செய்துகொண்ட பேச்சித்தாயின் மகள். சுபிக்ஷாவைப் பெற்ற அப்பா இறந்து மூன்று வருஷமாகிறது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? அவரு மூத்தவரு. வேன்ல இடமில்லன்னு சாயங்காலம் பிள்ளகிட்டச் சொல்லணும். அவ என்னடான்னா, ஜன்னல் சீட்டு எனக்குத்தான்னு மூணு நாளா தெரு பூரா சொல்லிட்டுத் திரியா." "டீச்சர், நம்ம ரத்தம் இல்லாதது நம்மளுது ஆவுமா?"

டீச்சர் ஒரு பல்குச்சியை எடுத்து நீட்டினார்.

"கன்னத்துக்குள்ள லேசா வழிச்சு எடுங்க."

கொம்பையா வழித்தெடுத்து ஸ்லைடில் தடவினார். உயிருள்ள செல்லுக்கென்று இருக்கும் பச்சைச் சாயத்தை ஒரு சொட்டு விட்டார். நாலாவது கவர்ஸ்லிப் உடையவில்லை.

"யாரு யாரு இருக்காக?"

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் துக்கத்தையும் மீறிக் கொம்பையாவின் வாய் பேசத் தொடங்கியது.

"சுத்திச் சவ்வு. எத உள்ள விடணும், எத வெளிய விடணும்னு அதுக்குத் தெரியும். நடுவுல உட்கரு. என்னென்ன செய்யணும்னு குறிப்பு பூரா அதுகிட்ட. அதப் பாத்துப் புரதம் செய்யுத ரைபோசோம், கழிவ அரைக்க லைசோசோம், ரெண்டும் நம்ம நுண்ணோக்கிக்குச் சிக்காது. இந்தா, சாயம் பிடிச்சுப் பொட்டுப் பொட்டாப் பச்சையா... மைட்டோகாண்ட்ரியா. நாம திங்கத வச்சு சக்தி எடுத்துக் குடுக்கது இதுதான்."

"இதுல வெளியாளு யாரு?"

"வெளியாளா? எல்லாம் ஒரே வீட்டு ஆளுகதான டீச்சர்?"

"அந்தப் பச்சைப் பொட்டு வெளியாளுதான். கோடிக்கணக்கான வருஷம் முந்தி தனியாத் திரிஞ்ச பாக்டீரியா. இன்னொரு செல் அத உள்ள இழுத்துச்சு. செரிக்கல. அங்கயே தங்கிட்டு. இன்னைக்கும் அதோட டி.என்.ஏ. தனி, உட்கருவோடது தனி."

"அட! இத்தன வருஷமா எங்கிட்டச் சொல்லவேயில்லியே!"

"நீங்க கேக்கவேயில்லியே அண்ணாச்சி."

கொம்பையா மறுபடியும் குனிந்து பார்த்தார். "அப்ப இதுகள வெளிய அனுப்பிட்டா?"

"மூச்சப் பிடிங்க."

மூக்கைப் பொத்திக்கொண்டார். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடியில் கொம்பையாவின் கண் பிதுங்கியது. ஐம்பதில் கையை விட்டுவிட்டு, வாயைப் பிளந்து காற்றை இழுத்தார்.

"யாத்தாடி! கொன்னுபோடுவீக போலிருக்கே!"

"இப்ப அவுதி அவுதியாக் காத்த இழுத்தீங்களே, அது யாருக்கு?"

கொம்பையா ஸ்லைடைப் பார்த்தார். "இதுகளுக்கா?"

"உடம்பு எடுத்துக்கிடுத ஆக்சிஜன்ல முக்காவாசிக்கு மேல இவங்களுக்குத்தான்."

கொம்பையா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்கு அவ மேல உசுரு டீச்சர். ஆனா வம்சத்து ஆளு மட்டும்தான் சாஸ்தா வாசல மிதிக்கணும்னு அண்ணன் ஒத்தக் கால்ல நிக்காரே."

டீச்சர் ஸ்லைடைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"சரி. அப்ப நாளைக்கு இந்த வெளியாளுகள எங்க விட்டுட்டுப் போவீங்க?"

கொம்பையா உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு ஸ்லைடைப் பத்திரமாக மேசைமேல் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

"அண்ணே, நான்தான். வேன்ல ஜன்னலோரமா ஒரு சீட்டு வேணும். எம் மவளுக்கு."