வாலில் எழுதிய இரண்டு

அந்தக் காலத்தில் போர் விமானங்கள் பேசும். நம்மைவிட அதிகமாகவே பேசும். பெருந்தாய் என்ற விண்கப்பலின் வயிற்றுக்குள் கருடன், வல்லூறு, மீன்கொத்தி என்று மூன்று அணிகள் குடியிருந்தன. அணிக்கு நான்கு விமானங்கள்.

ஒருநாள் பெருந்தாய் எல்லாருடைய வாலிலும் எண் எழுத ஆரம்பித்தாள். கருடன் அணிக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை எழுதி முடித்து, வல்லூறு தலைவனிடம் வந்து, "உனக்கு அஞ்சு" என்றாள். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"தலைவன்னா ஒண்ணு தாயே! அஞ்சுன்னு எழுதிக்கிட்டு நான் எப்படி வெளியே தலைகாட்டுவேன்?"

"சரிடா, ரெண்டாம் அணியில ஒண்ணுன்னு எழுதட்டுமா?"

"ரெண்டாம் அணியா? அதுக்கு இங்கேயே கிடந்து துருப்பிடிச்சுப் போறேன்!"

மீன்கொத்தித் தலைவனும் கூடவே குதித்தான். இதுகளோடு மல்லுக்கட்ட முடியாது என்று பெருந்தாய் மூன்று அணிக்கும் ஒன்று முதல் நான்கு வரையே எழுதிவிட்டாள். செல்லம் கொடுத்தது அவள் தப்புதான்.

பிறகு ஒரு போர் வந்தது. சண்டை முடிந்து திரும்பும்போது எதிரி ஒட்டுக்கேட்டுக்கொண்டே பின்னால் வந்தான். அதனால் யாரும் வெளியே கேட்கும்படி வாய் திறக்கக் கூடாது. பெருந்தாயின் வாசலில் எந்த எண் விளக்கு எரிகிறதோ அந்த விமானம் உள்ளே போக வேண்டும். வல்லூறு அணியின் மூன்றாம் விமானத்துக்கு வயிற்றில் ஓட்டை. அதை ஓட்டிய எழினிக்கு மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருந்தது.

"எழினி, ஏதாவது பேசு. எனக்குப் பயமா இருக்கு" என்று விமானம் அவளிடம் முணுமுணுத்தது.

"பேசினா காத்து வீணாகும். வாயை மூடிக்கிட்டுப் பற."

ஓட்டையைப் பார்த்துப் பதறிய பெருந்தாய் 3 விளக்கைப் போட்டாள். மூன்று அணியின் மூன்றுகளும் வாசலுக்குப் பாய்ந்தன. தாய் சொல்லைத் தட்டாத பிள்ளைகள்! கருடன் மூன்றும் மீன்கொத்தி மூன்றும் இறக்கையோடு இறக்கை முட்டி வாசலை அடைத்துக்கொண்டன. எழினியின் விமானம் பின்னால் தவித்தது. பெருந்தாய் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். அவை இன்னும் நெருக்கின.

வல்லூறு தலைவன் இதைப் பார்த்தான். எழினியின் தலை சாய்வதையும் பார்த்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நேராக அவள் பக்கத்தில் போய் நின்று, எல்லாரும் பார்க்கத் தன் விளக்கை இரண்டு முறை சிமிட்டினான். நாங்கள் இரண்டாம் அணி என்று ஒப்புக்கொண்டான்.

பெருந்தாய்க்குப் புரிந்தது. 2 விளக்கையும் அடுத்து 3 விளக்கையும் போட்டாள். இரண்டாம் அணியின் மூன்றைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்து கருடன் மூன்றும் மீன்கொத்தி மூன்றும் விலகின. உள்ளே வந்த எழினி ஆழமாக மூச்சிழுத்து, இருமி, "பசிக்குது" என்றாள்.

மறுநாள் வல்லூறு தலைவன் தானாகவே வந்தான்.

"தாயே, என் வால்ல ஒண்ணுக்கு முன்னாடி ஒரு ரெண்டு போடுங்க."

"வெட்கமா இல்லையாடா?"

"இருந்துச்சு. எழினி உட்கார்ந்து சாப்பிடறதைப் பார்த்தேன், போயிடுச்சு."

பெருந்தாய் சிரித்துக்கொண்டே அணியின் எண்ணை முன்னாலும் விமானத்தின் எண்ணைப் பின்னாலும் எழுதினாள். இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு பூஜ்யம் வைத்தாள்.

அன்று முதல்தான் அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் படங்களில் வரும் விண்வெளிப் போர் விமானங்கள், நாம் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவதுபோல் அணியின் எண்ணை முன்னால் போட்டுக்கொள்கின்றன. 201 என்று வாலில் எழுதிய தலைவனும் தலைநிமிர்ந்தே பறக்கிறான்.