தரையைக் கேட்டுப் படுத்தவன்

ஒரு ஊர்ல ஒரு ஆட்டக்காரன். பேரு திருமேனி. ம் கொட்டு. கொட்டலேன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

அந்த ஊர்ல சலங்கை கட்டி, அரிதாரம் பூசி, நின்னுக்கிட்டுத்தான் ஆடுவாங்க. திருமேனிக்கு அது பத்தல. சலங்கையைக் கழட்டினான். பாட்டு வேணாம், மத்தளம் மட்டும் போதும்னான். புதுசா ஒரு ஆட்டம் கட்டினான். மரம் சாயற மாதிரி தொபுக்கடீர்னு விழுவான். மல்லாந்து கிடப்பான். அப்புறம் முளை கிளம்பற மாதிரி மெல்ல மெல்ல எழுவான். அதுக்கு முன்னால அப்படி யாரும் ஆடினதில்ல.

மத்தளக்காரர் குப்பாண்டிக்குப் பொறுக்கல. "ஏண்டா, ஆட்டக்காரன் முதுகு மேடையில படலாமா? பொணம்தாண்டா அப்படிக் கிடக்கும்."

"விழாம எப்படிண்ணே எழறது?"

அப்புறம் ஒரு சாயங்காலம் மேடை ஏறினான். எல்லாரையும் போலக் குனிஞ்சு மேடைப் பலகையைத் தொட்டு, "மிதிக்கப் போறேன் தாயே, பொறுத்துக்கோ"ன்னான். ஆடினான். விழுந்தான். எழுந்தான்.

"பொணம் எழுந்திருச்சு டோய்!"னு கூட்டம் சிரிச்சுது.

இறங்கி நடந்தான். காலடிச் சத்தமே இல்ல. ஓங்கி மிதிச்சுப் பார்த்தான். ம்ஹூம். மேடைக்கு அடியில மட்டும் டக்... டக்... டக்னு யாரோ நடந்தாங்க. அது அவன் காலடிதான். புரியுதா?

"ம்..."

ரெண்டாந்தரம் ஆடினான். விழுந்தான். அவன் எழுந்தான், நிழல் எழல. பலகையில மல்லாந்து கிடந்துது.

அப்போ குப்பாண்டி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டார். "சத்தம் போச்சு. நிழல் போச்சு. அடுத்தது நீதாண்டா. நின்னு ஆடித் தொலை."

"நின்னு ஆடினா அது என் ஆட்டம் இல்லண்ணே."

கூட்டம் கலைஞ்சதும் பலகையில காதை வெச்சான். "ஏன் தாயே பிடிச்சு வெச்சுக்கிட்டே?"

கிர்ர்ர்... பலகை முனகிச்சு. "மிதிக்கத்தானே கேட்டே? படுக்கக் கேட்டியா?"

மூணாந்தரம். மிதிக்கவும் கேட்டான், படுக்கவும் கேட்டான். ஆடினான். தொபுக்கடீர்! கிடந்த நிழல் மேலேயே விழுந்தான்.

எழ முடியல. கை வரல. கால் வரல. வாயும் திறக்கல. எழறதுக்குக் கேக்க மறந்துட்டானே! பலகை சில்லுன்னு முதுகை உள்ளே இழுத்துது. கூட்டம் சிரிக்கல.

குப்பாண்டி மத்தளத்தைப் போட்டுட்டு ஓடி வந்தார். "ஏய், விடு அவனை!"

கிர்ர்ர்... "மரியாதையாக் கேளு."

பெரிய தொப்பை அவருக்கு. மூச்சிரைக்கக் குனிஞ்சு, நெத்தியைப் பலகையில வெச்சார். "எங்க பையன் எழப் போறான் தாயே. பொறுத்துக்கோ."

மேடைக்கு அடியில... டக். அப்புறம் நிழல் லேசா அசைஞ்சுது. அப்புறம் ஒரு விரல். அப்புறம் முளை கிளம்பற மாதிரி திருமேனி எழுந்தான். கூட்டமும் எழுந்து நின்னுது.

அந்த ஆட்டம் ஊரூராப் போச்சு. கத்துக்க எங்கெங்கிருந்தோ வந்தாங்க. மிதிக்க, படுக்க, எழ, மூணுக்கும் உத்தரவு கேக்கறதுதான் அவங்களுக்கு முதல் பாடம். அந்த மேடையில மட்டும் ஆள் நீளத்துக்கு ஒரு இடம் இன்னும் சில்லுன்னு இருக்கு. எந்த வெயிலுக்கும் சூடேறாது.

ஆட்டக்காரன் எழுந்தாச்சு, கதை படுத்தாச்சு. நீ ஏன் முழிக்கிறே? பாயைக் கேட்டுட்டுத்தானே படுத்தே?

"இல்லியே..."

உனக்காக நான் கேட்டுட்டேன். எழறதுக்கும் சேத்துத்தான். கண்ணை மூடு.